குழந்தையின் கணையமும் மருத்துவப் படங்களும்

நான் மருத்துவன் அல்லன். கலைப்பிரிவில் பட்டம் பெற்று, மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிந்து வருபவன். ஒரு மொழியில் சொல்லப்பட்டதை மற்றொரு மொழியில் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுவது என் தொழில். அத்தகைய ஒருவன் குழந்தைகளுக்கு வரும் கணைய அழற்சியைப் பற்றியும், அதனைக் கண்டறிய உதவும் உள்ளுறுப்புப் படங்களைப் பற்றியும் பேச முன்வந்ததற்குக் காரணம் உண்டு. என் இளைய மகள் தன் எட்டாம் வயதில் இந்நோயால் வருந்தினாள். அவளுடைய வலியை மருத்துவரிடம் எடுத்துச் சொன்னவன் நான். அதில் பாதியைச் சொல்லாமல் விட்டவனும் நானே.

முதலில் கணையம் என்பது யாது என்று பார்ப்போம். இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்புக்கு முன்னே, வயிற்றின் மேற்பகுதியில் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு அது. வளர்ந்தவர்களிடம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பழந்தமிழில் கணையம் என்னும் சொல் கோட்டைக் கதவுக்குக் குறுக்கே இடும் மரத்தையும் குறிக்கும். உறுப்பு கிடக்கும் நிலையை நினைவிற்கொள்ள இது நல்லதோர் ஒப்புமை. இந்தியில் இதனை அக்ன்யாசய, அதாவது நெருப்பின் இருப்பிடம், என்பர். அதுவும் பொருந்திய பெயரே. உணவைச் செரிக்கச் செய்யும் வீரியமுள்ள நீர் இங்கே சுரந்து, ஒரு மெல்லிய குழாயின் வழியே சிறுகுடலைச் சென்றடைகின்றது. இரத்தத்தில் சர்க்கரையை அடக்கி வைக்கும் இன்சுலினும் இங்கேதான் உண்டாகின்றது. செரிமான நீர் குடலை அடைந்த பின்னரே வீரியம் கொள்ள வேண்டும் என்பது இயற்கையின் ஏற்பாடு. ஏதோ ஒரு காரணத்தால் அது உறுப்புக்குள்ளேயே விழித்துக்கொண்டால், தன் வீட்டையே எரிக்கத் தொடங்குகின்றது. அதுவே கணைய அழற்சி.

இது மதுப்பழக்கமுள்ள பெரியவர்களுக்கே வரும் நோய் என்று பலர் எண்ணுகின்றனர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். உண்மையில், மேலைநாடுகளில் செய்த ஆய்வுகளின்படி, ஆண்டுதோறும் லட்சம் குழந்தைகளில் சுமார் 3 முதல் 13 பேர் வரை இதற்கு ஆளாகின்றனர். பித்தப்பையில் கல், பித்தக்குழாயிலும் கணையக் குழாயிலும் பிறவிக் குறை, சைக்கிளின் கைப்பிடி வயிற்றில் இடித்த காயம், சில மருந்துகள், புட்டாளம்மை போன்ற தொற்றுகள், பரம்பரைக் கூறுகள் எனக் காரணங்கள் பல. இவற்றுள் எது என்று கண்டறிவதே பாதி வைத்தியம்.

இனி என் வீட்டுச் செய்திக்கு வருகின்றேன். 2022-ஆம் ஆண்டின் முற்பகுதியில் நாங்கள் நாகபுரியில் இருந்தோம். அப்போதே மகளுக்கு இரண்டொரு முறை வயிற்றுவலியும் வாந்தியும் வந்ததுண்டு. ஓமத் தண்ணீர் கொடுத்தோம். பெருங்காயத்தைக் கரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசினோம். வலி தணிந்தது. ஒரு முறை தணியாதபோது அருகிலிருந்த மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். குழந்தை என் காதோடு சொன்னது, "அப்பா, முதுகுக்குள்ளே போய்க் குத்துது. குனிஞ்சு உக்காந்தாத்தான் கொஞ்சம் தேவலை" என்பது. நான் மருத்துவரிடம் இந்தியில் சொன்னதோ, வயிற்றில் வலி என்ற அளவே. முதுகும் விட்டுப்போயிற்று, குனிந்து உட்காருவதும் விட்டுப்போயிற்று. குழந்தைப் பேச்சுதானே என்று நான் சுருக்கிவிட்டேன். அவர் அமிலத் தொல்லைக்கு மருந்து கொடுத்தார். நான் சொன்னதற்கு ஏற்ற மருந்தையே அவர் கொடுத்தார். அவரைக் குறை கூற எனக்கு வாயில்லை. அன்று எடுத்த ஒரு வயிற்றுப் படத்தையும் அதன் அறிக்கையையும் பத்திரப்படுத்தினோம் என்று நினைத்தோம். டில்லிக்கு மாற்றல் வந்தபோது, மூட்டை கட்டிய அவசரத்தில் அவை எங்கேயோ போயின.

அவ்வாண்டு டிசம்பர் மாதக் குளிரில், டில்லியில், ஒரு நள்ளிரவு வலி மீண்டும் வந்தது. இம்முறை குழந்தை நிமிரவே இயலாமல் முழங்காலை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். மருத்துவமனையில் இருந்த இளம் பெண் மருத்துவர் என்னிடம் கேட்கவில்லை. குழந்தையிடமே, எங்கே வலிக்கின்றது என்று விரலால் காட்டச் சொன்னார். அவள் நெஞ்சுக்குழியைத் தொட்டாள். பிறகு கையைத் திருப்பி முதுகைத் தொட்டாள். என் மொழிபெயர்ப்பில் விடுபட்ட வாக்கியத்தை அவள் விரல் சொல்லிவிட்டது.

கணைய அழற்சி என்று தீர்மானிக்க மருத்துவ உலகம் ஒரு வரையறை வைத்திருக்கின்றது. குழந்தைகளின் கணைய நோயை ஆராயும் பன்னாட்டு மருத்துவர் குழு 2012-இல் வெளியிட்டது அது. மூன்று சான்றுகளில் இரண்டேனும் இருத்தல் வேண்டும். ஒன்று, நோய்க்குரிய வகையில் வரும் வயிற்றுவலி. இரண்டு, இரத்தத்தில் லைபேஸ் அல்லது அமிலேஸ் என்னும் செரிமானப் பொருள் இயல்பின் மேல் எல்லையைப் போல் மூன்று மடங்கேனும் உயர்ந்திருத்தல். மூன்று, படத்தில் தெரியும் மாறுதல். ஆகவே வலியும் இரத்தச் சோதனையும் ஒத்து நின்றால், படம் இல்லாமலேயே நோயின் பெயரைச் சொல்லிவிடலாம். அப்படியானால் படம் எதற்கு என்ற வினா எழும். அவ்வினாவுக்கு விடையே இன்று நான் உங்களிடம் சேர்க்க விரும்பும் செய்தி. படம் தானாக எதையும் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கே விடை சொல்லும். ஒவ்வொரு கேள்விக்கும் உரிய கருவி வேறு. உரிய காலமும் வேறு.

முதற்கேள்வி, என்ன நேர்ந்தது என்பது. இதற்கு உரிய கருவி அல்ட்ராசவுண்ட். மனிதக் காது கேட்க இயலாத ஒலியலைகளை உடலுக்குள் அனுப்பி, அவை பட்டுத் திரும்புவதைக் கொண்டு படம் வரைவது. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்து வேண்டா, தாயின் மடியில் இருத்தியபடியே செய்யலாம். குழந்தைகளின் உடலில் கொழுப்பு குறைவாதலின் பெரியவர்களைவிடத் தெளிவாகவும் தெரியும். கணையம் வீங்கியிருக்கின்றதா, சுற்றிலும் நீர் கோத்துள்ளதா, பித்தப்பையில் கல் உண்டா, பித்தக்குழாய் விரிந்திருக்கின்றதா என்பனவற்றை இது காட்டும். கணையத்தின் நடுவே ஓடும் குழாயையும் அளக்கலாம். ஒன்று முதல் ஆறு வயது வரை 1.5 மில்லிமீட்டருக்கு மேலும், ஏழு முதல் பன்னிரண்டு வரை 1.9 மில்லிமீட்டருக்கு மேலும் அது விரிந்திருந்தால் ஐயுற வேண்டும் என்பர். ஓர் அரிசியின் பருமனைவிடச் சிறிய அளவு இது. அதில் ஒரு குழந்தையின் நலம் அடங்கியிருக்கின்றது.

ஆயினும் இக்கருவிக்கு ஒரு குறை உண்டு. குடலில் காற்று நிறைந்திருந்தால் ஒலி அதனைத் தாண்டிச் செல்லாது. பின்னே ஒளிந்திருக்கும் கணையம் தெரியாமற் போகும். எனவே, அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தால், நோயே இல்லை என்று பொருள் கொள்ளலாகாது. கணையம் முழுவதும் தெரிந்ததா என்று கேட்டறிவது நம் கடமை.

என் மகளுக்கு இரத்தச் சோதனையில் லைபேஸ் பன்மடங்கு உயர்ந்திருந்தது. அல்ட்ராசவுண்டில் கணையம் வீங்கியிருந்தது. நோயின் பெயர் உறுதியாயிற்று. உடனே நான் ஒரு பிழை செய்தேன். பெரிய கருவிதான் சிறந்த கருவி என்னும் எண்ணத்தில், அப்போதே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். எவ்வளவு பணமானாலும் கட்டுகின்றேன் என்றும் சொன்னேன். மருத்துவர் பொறுமையோடு மறுத்தார். அவர் கூறிய காரணங்கள் இரண்டு.

சி.டி. ஸ்கேன் விடை சொல்ல வேண்டியது இரண்டாம் கேள்விக்கு. அதாவது, சேதம் எவ்வளவு என்பதற்கு. கணையத்தின் ஒரு பகுதி இரத்த ஓட்டம் இழந்து அழிந்திருக்கின்றதா என்பதை அது நன்கு காட்டும். ஆனால் அவ்வழிவு முழு உருவம் பெற மூன்று நான்கு நாட்கள் ஆகின்றன. முதல் நாளே எடுத்த படம் சேதத்தைக் குறைத்துக் காட்டலாம். பிறகு மீண்டும் ஒரு படம் எடுக்க நேரலாம். இது முதற்காரணம்.

இரண்டாவது, கதிர்வீச்சு. ராண்ட்ஜன் 1895-இல் கண்ட எக்ஸ் கதிர்களைக் கொண்டே சி.டி. இயங்குகின்றது. ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளரின் இக்கருவி 1971-இல் முதன்முதலாக ஒரு நோயாளியைப் படம் பிடித்தது. அதற்காக 1979-இல் அவரும் கார்மாக் என்பவரும் நோபெல் பரிசு பெற்றனர். அது எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கின்றது. ஆயினும் வளரும் உடல் கதிர்வீச்சால் எளிதில் தீங்குறும். சி.டி. எடுக்கப்பெற்ற குழந்தைகளைப் பற்றிப் பிரிட்டனில் செய்த பெரியதோர் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. பத்து வயதுக்கு உட்பட்டோருக்கு எடுக்கும் தலைப் படங்களில், 10,000-க்கு ஒன்று என்ற அளவில், பத்தாண்டுகளுக்குள் ஒரு கூடுதல் இரத்தப் புற்றும் ஒரு கூடுதல் மூளைக்கட்டியும் நேரலாம் என்று அது மதிப்பிட்டது. மிகச் சிறிய அபாயமே. தேவை இருக்கும்போது அஞ்சி ஒதுங்க வேண்டிய அளவன்று. தேவையில்லாதபோதோ, சிறிய அபாயமும் வீண் அபாயமே.

தேவை எப்போது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயிற்றில் பலமாக அடிபட்டிருந்தால், முதுகெலும்பின் மேல் நசுங்கிக் கணையம் பிளந்திருக்கக்கூடும், அங்கே சி.டி.யைத் தள்ளிப் போடலாகாது. நோய் கடுமையாகிக் குழந்தை நலிந்துகொண்டே போனாலும், நோயின் பெயரே ஐயமாக இருந்தாலும், மருத்துவர் அதனை நாடுவார். நாம் கேட்க வேண்டியது ஒன்றே: "இந்தப் படம் எந்தக் கேள்விக்கு விடை தரும்? அந்த விடையால் சிகிச்சை மாறுமா?" இக்கேள்வியை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எண்ணமாட்டார்.

மகளுக்கு நரம்பின் வழியே நீர் ஏற்றினார்கள். வலி தணிய மருந்து கொடுத்தார்கள். கணையத்துக்கு ஓய்வு வேண்டும் என்று பல நாள் பட்டினி போடுவது முற்கால வழக்கம். இப்போது, குழந்தை தாங்குமாயின், ஓரிரு நாட்களிலேயே உணவு தொடங்குகின்றனர். மூன்றாம் நாள் அவள் இட்லி கேட்டாள். வீடே மீண்டும் உயிர் பெற்றது போலிருந்தது. வலி போயிற்று, வீட்டுக்குப் போகலாம் என்று நான் பெட்டியைக் கட்டத் தொடங்கினேன். அப்போதுதான் அந்த மருத்துவர் மூன்றாம் கேள்வியை நினைவூட்டினார்.

மூன்றாம் கேள்வி, ஏன் என்பது. எட்டு வயதுக் குழந்தைக்கு இந்நோய் ஏன் வந்தது? அல்ட்ராசவுண்டில் பித்தக்குழாய் இயல்புக்கு மேல் விரிந்திருந்ததை அவர் கண்டிருந்தார். இதற்கு முன் வலி வந்ததுண்டா, படம் எடுத்ததுண்டா, அப்போது குழாய் எப்படி இருந்தது என்று கேட்டார். வலி வந்ததைச் சொன்னேன். படத்தைக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. நாகபுரிப் படத்தில் அக்குழாய் எப்படி இருந்தது என்பது தொலைந்த காகிதத்தோடு போயிற்று. அன்று நான் தலைகுனிந்ததை இன்றும் மறக்கவில்லை.

இம்மூன்றாம் கேள்விக்கு உரிய கருவி எம்.ஆர்.ஐ. இதில் எக்ஸ் கதிர் இல்லை. வலிய காந்தமும் வானொலி அலைகளுமே உள்ளன. ஆம், உங்கள் வீட்டுப் பெட்டியில் என் குரலைக் கொண்டுவரும் அலைகளின் இனத்தைச் சேர்ந்தவையே. எம்.ஆர்.சி.பி. என்னும் முறையில், உடலில் அசையாது நிற்கும் நீர் மட்டும் வெண்மையாய் ஒளிரும்படி செய்கின்றனர். பித்தக்குழாயும் கணையக் குழாயும், இருட்டில் ஓடும் ஆறும் கிளையாறும் போல், தனியே துலங்குகின்றன. இம்முறை 1991-இல் முதலில் விளக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் வாயின் வழியே கருவியை உள்ளே செலுத்தி, குழாயில் மருந்து நிரப்பியே இவற்றைப் பார்க்க முடிந்தது. அம்முறை இன்றும் கல்லை எடுக்கவும் அடைப்பை நீக்கவும் பயன்படுகின்றது. வெறுமனே பார்ப்பதற்கு அதனை இப்போது நாடுவது அரிது.

எம்.ஆர்.ஐ.க்குப் போகும் குழந்தையை ஆயத்தப்படுத்துவது பெற்றோர் கையில் உள்ளது. அரைஞாண், கொலுசு, தோடு, வளையல் யாவற்றையும் கழற்றிவிட வேண்டும். சில மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். இரைப்பையில் நீர் இருந்தால் அதுவும் ஒளிர்ந்து படத்தை மறைக்கும். சில இடங்களில் அந்த ஒளியை மங்கச் செய்ய அன்னாசிப் பழச்சாறு கொடுப்பதும் உண்டு. அதிலுள்ள மாங்கனீசு அவ்வேலையைச் செய்கின்றது. கருவி பெருஞ்சத்தம் போடும். அசையாமல் படுத்திருக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். என் மனைவி முதல் நாள் இரவு முழுவதும் மகளோடு கட்டிலில் "சிலை விளையாட்டு" ஆடினாள். மறுநாள் மயக்க மருந்து இல்லாமலேயே படம் எடுத்து முடிந்தது.

படத்தில் விடை இருந்தது. பித்தக்குழாய் ஒரு பை போல் உப்பியிருந்தது. அதுவும் கணையக் குழாயும், குடலை அடைவதற்கு நெடுந்தூரம் முன்னரே ஒன்றாகச் சேர்ந்திருந்தன. பிறவியிலேயே அமைந்த குறை அது. கோலிடோக்கல் சிஸ்ட் என்பர். ஆசிய நாடுகளிலும், பெண் குழந்தைகளிடமும் இது மிகுதியாகக் காணப்படுகின்றது. இரு நீர்களும் கலந்து தேங்குவதால் அழற்சி மீண்டும் மீண்டும் வரும். அப்படியே விட்டுவிட்டால் பிற்காலத்தில் அப்பையில் புற்றுநோய் தோன்றவும் கூடும். வலி நின்றதும் நாங்கள் வீடு திரும்பியிருந்தால், அடுத்த முறையும் ஓமத் தண்ணீரே கொடுத்திருப்போம். சில வாரங்கள் கழித்து, அழற்சி முற்றும் தணிந்த பின், அறுவை செய்து பையை அகற்றிப் பித்தம் குடலுக்குச் செல்லப் புதுவழி அமைத்தார்கள். இன்று அவள் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் ஓடுகின்றாள்.

நம் நாட்டுக்கே உரிய இரண்டு செய்திகளையும் சொல்ல வேண்டும். கேரளத்தில், குழந்தைப் பருவத்திலேயே வயிற்றுவலி வந்து, இளமையில் நீரிழிவாக முற்றும் ஒரு வகைக் கணைய நோயை மருத்துவர் ஜீவர்கீஸ் ஆழ்ந்து ஆராய்ந்து 1968-இல் நூலாக வெளியிட்டார். அதற்கு முன்னர் 1959-இல் இந்தோனேசியாவில் ஸுய்டெமா என்பவர் இத்தகைய நோயாளரைப் பற்றி எழுதியிருந்தார். அக்காலத்தில் அவர்களிடம் இருந்த படக்கருவி சாதாரண எக்ஸ் கதிர் ஒன்றே. ஆனால் அதில், முதுகெலும்பின் குறுக்கே கணையம் கிடக்கும் இடத்தில், கற்கள் வரிசையாகத் தெரிந்தன. மரவள்ளிக் கிழங்கும் ஊட்டக் குறைவும் காரணமென்று முன்பு கருதினர். பின்னர் அவ்விளக்கம் போதாதென்றாகி, பரம்பரைக் கூறுகளின் பங்கு வெளிப்பட்டது. இந்நோய் தமிழ்நாட்டிலும் உண்டு. மற்றொன்று காஷ்மீரத்துச் செய்தி. அங்கே வயிற்றில் வளரும் நாக்குப் பூச்சி, குழாய்க்குள் நுழைந்து அடைப்பதால் இந்நோய் உண்டாவதை மருத்துவர்கள் பலரிடம் கண்டனர். 1990-இல் அது விரிவாக வெளியிடப்பட்டது. அல்ட்ராசவுண்டில் அப்பூச்சி நீண்ட கோடாகத் தெரியும்; சில வேளை நெளிவதும் தெரியும். ஆதலின் குழந்தை எந்த ஊரில் பிறந்தது, எந்த ஊரில் வளர்ந்தது என்பதும் மருத்துவருக்கு வேண்டிய செய்தியே.

ஊர் விட்டு ஊர் மாறி வாழும் நமக்கு இதனால் மூன்று கடமைகள் உண்டு. குழந்தை தன் வலியைச் சொல்லும்போது அதன் சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். எங்கே தொடங்கியது, எங்கே பரவியது, எப்படி உட்கார்ந்தால் தணிகின்றது என்பன ஒன்றும் விடாமல் மருத்துவரைச் சேர வேண்டும். இந்தியோ, வங்கமோ, மராத்தியோ உங்களுக்குத் தடுமாறினால், குழந்தையின் விரலைக் காட்டச் செய்யுங்கள். இரண்டாவது, எடுத்த ஒவ்வொரு படத்தையும் அறிக்கையையும் தேதியிட்டு ஒரு பையில் வைத்து, மாற்றல் வரும்போது குடும்ப அட்டையோடும் பள்ளிச் சான்றிதழோடும் கையோடு கொண்டு செல்லுங்கள். நேற்றைய படம் இல்லையேல் இன்றைய படம் பாதியே பேசும். மூன்றாவது, வலி நின்றுவிட்டது என்பதற்காக "ஏன்" என்னும் கேள்வியைக் கைவிடாதீர்கள். இந்நோய் ஒரு முறை வந்த குழந்தைகளில், பத்தில் ஒருவர் முதல் மூவர் வரை மீண்டும் அதற்கு ஆளாகின்றனர்.

எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது ஒரு நீலப் பை தொங்குகின்றது. மகளின் படங்கள் அனைத்தும் அதில் உள்ளன. முதற்பக்கத்தில், நாகபுரியில் அவள் என் காதோடு சொன்னதை, அவள் சொன்னபடியே தமிழில் எழுதி வைத்திருக்கின்றேன். அதன் கீழே இந்தியிலும் எழுதியிருக்கின்றேன். இம்முறை ஒரு சொல்லும் விடவில்லை.